பதினான்காம் பந்தி

என் அக்கா மார்ஜரிக்கு அந்த வருஷம் தேவைப்பட்டதெல்லாம் ஒரே ஒரு ‘முடியாது’. வாய்வார்த்தை போதாது. அரசாங்கக் கடிதத்தாளில், ஒரு பொறுப்பான அதிகாரியின் கையொப்பத்தோடு வேண்டும்.

1997. அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு வருஷமாக நரம்பு நோய். கண்டி ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் சொன்னார்கள். மருந்து எதுவும் சொல்லவில்லை. முதலில் விரல்கள் போயின, பிறகு கைகள், பிறகு கால்கள். கடைசியில் விழுங்குவதும் மூச்சும் போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். “நாக்க மட்டும் தொட அதுக்கே பயமா இருக்கு, பாத்தியா?” என்பாள் அக்கா.

மூச்சுக்குத் தவித்துக் கிடக்காமல், தான் சொல்லும் ஒரு நாளில், ஒருவருடைய உதவியோடு போய்விட வேண்டும் என்பது அவள் முடிவு. அப்படி உதவுகிறவரைச் சட்டம் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பது அவள் வழக்கு. வழக்கை எடுத்துக்கொண்டவர் மாத்தளை சட்டத்தரணி ரபாயேல்.

“அடிப்படை உரிமை வழக்குன்னா, உரிமைய யாராவது மறுத்திருக்கணும் டீச்சர்,” என்றார் அவர். “ஓர் அதிகாரி உங்களுக்கு முடியாதுன்னு எழுதணும். அது கைக்குக் கிடைச்ச நாள்லேருந்து ஒரு மாசம். அதுக்குள்ள போடாட்டி போச்சு.”

“முடியாதுன்னு சொல்றதுதானே நம்ம கந்தோர்கள்ல சுலபமான வேலை,” என்றாள் அக்கா. தன் வாழ்க்கையிலேயே அவ்வளவு பிழையான கணக்கை அவள் போட்டதில்லை.

கொழும்பிலுள்ள அமைச்சுக்கு அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். முதல் பதில், கடிதம் கிடைத்தது என்றது. இரண்டாவது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்றது. மூன்றாவதாக வேறொரு திணைக்களத்திலிருந்து அங்கவீனர் உதவிப் பணத்துக்கான படிவம் வந்தது, மூன்று பிரதிகளில்.

“சாக அனுமதி கேட்டா சக்கர நாற்காலி தர்றேங்குறான்!” அக்கா சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து நெஞ்சைத் தடவிவிட வேண்டியிருந்தது.

அக்காவுக்குக் கந்தோர்கள் புதிதல்ல. தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் நிரப்பினாள். கைநாட்டு வாங்குவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டி, “விளங்குச்சா? சம்மதமா?” என்று கேட்காமல் ஒருவருடைய விரலையும் மைக்குக் கொண்டுபோக மாட்டாள். யட்டவத்தையிலிருந்து எங்கள் பக்கத்துக்குப் பஸ் வர ஆறு வருஷம் மனுப்போட்டாள். பஸ் வந்தது, அதே மாதம் அவளைப் பல்லேகமப் பக்கம் இடமாற்றினார்கள். ஓய்வுபெற்றுத் திரும்பி வந்தபோது காலில் பலம் இல்லை. அந்தப் பஸ்ஸில் அவள் ஒருநாளும் ஏறவில்லை.

அந்தப் பஸ்ஸில்தான் என் தபால் பை வரும். நான் எங்கள் ஊர் உப தபால் கந்தோரின் பொறுப்பாளி. கல்யாணம் செய்யவில்லை. காலையில் பையை வெட்டி, கடிதங்களுக்குத் தேதி முத்திரை குத்தி, பியோனிடம் கொடுப்பேன். எங்கள் வீட்டுக் கடிதங்களை மத்தியானம் நானே கொண்டுபோய், அக்கா முன்னால் உடைத்து வாசிப்பேன். அவளுடைய கை நான் என்று ஊரே சொல்லும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஜூலையில் ரபாயேல் மனுவின் வரைவைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். வழக்கம்போல நான்தான் உரத்து வாசித்தேன். பதின்மூன்று பந்தி வாசித்தேன். பதினான்காவது இப்படி இருந்தது: ‘மனுதாரரின் சகோதரி அருள்மணி, சட்டம் இடமளிக்குமாயின், மனுதாரருக்கு இவ்வுதவியைச் செய்யச் சம்மதித்துள்ளார்.’

என் குரல் நிற்கவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். பதினைந்தாம் பந்தியை அதே தொனியில் வாசித்து முடித்துவிட்டு, சோற்றுக்கு அரிசி போட்டேன்.

ஓகஸ்ட் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பையில் நீளமான மண்ணிறக் கடித உறை ஒன்று வந்தது. அதை நான் கந்தோரிலேயே உடைத்தேன். சிங்களத்தில் நான்கு வரி. தற்கொலைக்கு உதவுவது தண்டனைக்குரிய குற்றம். அப்படியான அனுமதி எதையும் வழங்க முடியாது.

முடியாது! எட்டு மாதமாகக் காத்திருந்த சொல். ஒரு மனிதர் துணிந்து எழுதி, கையொப்பமும் வைத்திருந்தார். முத்திரையை மையில் ஒற்றிக் கையில் எடுத்தேன். குத்தவில்லை. உறையைத் தந்திப் படிவங்களுக்கு அடியில் வைத்து மேசை லாச்சியைப் பூட்டினேன். தபாலைத் தடுத்து வைப்பதும் குற்றம்தான். அதற்கும் சட்டம் இருக்கிறது. அக்கா ஒரு சட்டத்தை உடைக்க உத்தியோகபூர்வமாக முயன்றுகொண்டிருந்தாள். நான் இன்னொன்றை ஒரு சாவியால் முடித்துவிட்டேன்.

பாசம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். முதல் இரண்டு நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது, உள்ளே இருப்பது கோபம் என்று தெரிந்தது. ஊரில் யாரிடமும் கேட்காமல் விரலைத் தொடாதவள், என்னிடம் மட்டும் கேட்கவில்லை. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்பது வயது மூத்தவள், எல்லாவற்றையும் தீர்மானிப்பவள், இப்போது நான் பூட்டி வைத்த ஒன்றுக்காகக் காத்திருக்கிறாள். அதில் ஒரு சின்னச் சுகம் இருந்தது. கள்ளத்தனமாக வெல்லக்கட்டி தின்பது போல.

அந்த நாட்களில் அக்கா நன்றாகத்தான் இருந்தாள். ரசத்தில் புளி போதாது என்றாள். ஞாயிறு வந்தால் மிளகு, கராம்பு வியாபாரி இத்ரூஸ் நானா டாம் ஆட்டப் பலகையோடு வருவார். அவர் எங்கள் பகுதியின் சமாதான நீதவான். அக்காவின் சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்துபவரும் அவர்தான். அக்கா வாயால் சொல்ல, அவளுடைய வெள்ளைக் காய்களையும் அவரே நகர்த்துவார்.

“நானா, நான் சொன்னது எடது பக்கம்.”

“எடதுல வச்சா நான் வெட்டிருவேன் டீச்சர்.”

“வெட்டுங்க. என் காய், என் இஷ்டம்.”

“வெட்ட மனசு வரணுமே!” என்று அவர் வலது பக்கம் நகர்த்துவார். அக்கா கத்துவாள். பலகையைத் திருப்பி வைக்கச் சொல்வாள்.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு அவர் பலகையில்லாமல் வந்தார்.

“டீச்சர், நேத்து மாத்தளையில லோயர் ஐயாவ கண்டேன். கொழும்புக்கு கோல் எடுத்துக் கேட்டாராம். பதில் இந்த மாசம் முதல் கிழமையே அனுப்பிட்டாங்களாம். உங்களுக்கு வரலியா?”

நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன். அது சத்தம் போடாமல் உட்கார்ந்தது நல்ல காலம்.

“வரலியே!” அக்காவின் கண்கள் பளபளத்தன. எட்டு மாதமாக அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. “அப்ப தபால்ல தொலைச்சிட்டாங்க. அருளு, பேனைய எடு. தபால் மா அதிபருக்கு ஒரு முறைப்பாடு.”

“டீச்சர்,” என்று இத்ரூஸ் நானா தொண்டையைக் கனைத்தார், “நம்ம தபால் கந்தோர்னா அது அருளம்மா தானே?”

“அதுக்கென்ன? அவ எம் தங்கச்சிங்குறதுக்காக கந்தோர் ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தமா? எழுதுடி. ‘மேற்படி உப தபால் கந்தோரின் அசமந்தப் போக்கினால்...’”

எழுதினேன். ‘பொறுப்பற்ற உத்தியோகத்தர்’ என்றாள், எழுதினேன். ‘தக்க விசாரணை நடத்தி’ என்றாள், அதையும். என் கையெழுத்து அழகானது. என்னைப் பற்றிய முறைப்பாட்டிலும் அது அழகாகவே வந்தது.

“நாட்டுல கேக்காமலே சாவு கிடைக்குற காலம்,” என்று இத்ரூஸ் நானா எழும்பினார். “நீங்க ஒரு ஆள்தான் டீச்சர் அப்ளிகேஷன் போட்டு, அது தொலைஞ்சு, அதுக்கும் முறைப்பாடு போடுறீங்க. அஸர் நேரமாச்சு. தொழுதுட்டு வந்து ஒப்பம் வைக்கிறேன்.”

அவர் போனதும் மைப்பெட்டியைத் திறந்து, அக்காவின் வலது பெருவிரலைப் பிடித்தேன். அது சூடாக, கனமில்லாமல் இருந்தது. நான் தூக்கினால் வரும், விட்டால் விழும். நான் எதில் வைத்தாலும் அது அவளுடைய சம்மதம் என்றுதான் உலகம் எடுத்துக்கொள்ளும்.

“என்னடி பாக்குற? ஒத்து.”

“கடிதம் தொலையலக்கா. என்கிட்டதான் இருக்கு.”

அவள் என்னைப் பார்த்தாள். வெளியே யாரோ ஆட்டைத் துரத்தும் சத்தம்.

“என்ன சொல்லியிருக்கான்?”

“முடியாதுன்னு.”

“எத்தன நாள் ஆச்சு?”

“இருபத்தாறு.”

“அப்ப இன்னும் நாலு நாள் இருக்கு,” என்றாள் அக்கா. திட்டுவதற்கு முன் கணக்குப் பார்க்கிறவள் அவள். அதன் பிறகுதான் முகம் மாறியது. “ஏன்டி இப்படிச் செஞ்ச?”

“பதினாலாம் பந்தி.”

“அதுல என்ன?”

“லயத்துக் கெழவிங்க விரலக்கூட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் தொடுவ. எனக்கு யாரு வாசிச்சுக் காட்டினா? நானே வாசிச்சேன். சம்மதமான்னு யாரு கேட்டா?”

“நீதானே எனக்கு எல்லாம் செய்யுற. இதையும்...”

“எல்லாம் செய்யுறேன். குளிப்பாட்டுறேன், ஊட்டுறேன், எழுதுறேன். அதனால கேக்கத் தேவையில்லன்னு நெனச்சிட்டியா? உன் கை நான்தான். ஆனா இந்தக் கைக்கு ஒரு வாய் இருக்கு அக்கா.”

என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அக்காவால் முகத்தைத் திருப்ப முடியும், திருப்பிக்கொள்ளவில்லை.

“சரி,” என்றாள். “இப்ப கேக்குறேன். கோர்ட்டு சரின்னு சொல்லிட்டா, நான் சொல்ற அன்னைக்கு, எனக்குச் செய்வியா?”

இருபத்தாறு நாளாக இந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்திருந்தேன். நீளமான, நியாயங்கள் நிறைந்த பதில். வாயில் வந்தது ஒரே சொல்.

“மாட்டேன்.”

“ஜெயிச்சாலும்?”

“ஜெயிச்சாலும் மாட்டேன். வழக்குக்கு வர்றேன். எழுதுறேன், கொழும்புக்கு அலையுறேன், கோர்ட்டுல சாட்சி கேட்டா சொல்றேன். அது மட்டும் என்னால முடியாது.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். உதட்டைக் கடித்தாள், கடைசியில் சிரிப்புத்தான் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. அதைத் துடைக்க என் கைதான் போக வேண்டியிருந்தது.

“எட்டு மாசமா அரசாங்கத்துகிட்ட கேக்குறேன். நீ ஒரு நிமிஷத்துல சொல்லிட்ட.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “உன்னையும் எதிர்மனுதாரரா போட்டிருக்கணும்டி.”

“போடு.”

“போடத்தான் போறேன்... வேணாம். பந்திய மாத்துவோம். எழுது.”

முறைப்பாட்டுத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினேன். ‘மனுதாரரின் சகோதரியிடம் கேட்கப்பட்டது. அவர் சம்மதிக்கவில்லை. மனுதாரர் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.’

“லோயர் கத்துவாரு,” என்றேன்.

“கத்தட்டும். கேட்டுத்தான் வாங்குறோம்னு கோர்ட்டுக்குத் தெரியட்டும்.”

“அப்ப உனக்கு யாருக்கா செய்யுறது?”

“தெரியலடி.” அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயம் இருந்தது. நோய் வந்ததிலிருந்து நான் அதைப் பார்த்தது அன்றுதான். “அந்த பஸ்ஸையும் எனக்காகவா கேட்டேன்?”

இத்ரூஸ் நானா திரும்பி வந்தார். அக்கா அவர் முன்னால் ஒவ்வொரு வரியையும் என்னைக் கொண்டு வாசிக்கவைத்தாள். என்னைப் பார்த்து, “விளங்குச்சா? சம்மதமா?” என்றாள். “சம்மதம்,” என்றேன். பிறகுதான் அவளுடைய பெருவிரலை மையில் ஒற்றி, புதிய பந்தியின் கீழ் வைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. கந்தோரைப் பியோனிடம் ஒப்படைக்க முன், தேதி முத்திரையின் அச்சுகளைக் கழற்றி ஓகஸ்ட் ஐந்துக்கு மாற்றினேன். உறையின் பின்னால் ஓங்கிக் குத்தினேன். இனி யார் பார்த்தாலும் நாளை எண்ணிக்கொள்ளலாம். யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டால் சொல்லவும் தயார். பிறகு அச்சுகளை அன்றைய தேதிக்குத் திருப்பிவிட்டு, மாத்தளைக்கு, ரபாயேலிடம் போக ஓடிப்போய் பஸ் பிடித்தேன்.

புறப்படும்போது அக்கா சொல்லியிருந்தாள்: “முன் சீட்டுல குந்தாத, அது பிக்கு சாமிமாருக்கு. பஸ் எப்படி ஓடுதுன்னு நல்லாப் பாத்துட்டு வா.”

பார்த்தேன். மடியில் மனுவை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்காவது சீட்டுக்கு ஜன்னல் கண்ணாடி இல்லை. மணிக்கயிறு அறுந்திருந்தது, இறங்குகிறவர்கள் கூரையில் தட்டினார்கள். பின்னால் ஒரு பெண் இரண்டு கோழிகளோடு பயணச்சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். யட்டவத்தை தாண்டியதும் பேனையை எடுத்து, அந்த மண்ணிற உறையின் ஓரத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். மத்தியானம் வீடு திரும்பியதும் முதலில் இதைத்தான் கேட்பாள்.