கணுக்கால் அளவு

தாமிரபரணியில் வெள்ளம் எவ்வளவு வரும் என்பது, வருவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே கெசியாவின் உடம்பில் கோடாகத் தெரிந்தது. 2023 மார்கழி வெள்ளம் வடிந்து இருபது நாள் ஆன ஒரு காலையில் இது தொடங்கியது. பாயில் எழுந்து உட்கார்ந்தவளின் பாதங்கள் கணுக்கால் வரை வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் நின்றதுபோலச் சுருங்கியிருந்தன. அதற்கு மேலே எப்போதும்போல் காய்ந்த தோல். இரண்டுக்கும் நடுவே வண்டல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. துண்டால் அழுத்தித் துடைத்தாள், போகவில்லை. மூன்றாம் நாள் அணையைத் திறந்தார்கள். ஆற்றங்கரைத் தெருவுக்குள் நுழைந்த தண்ணீர், அவள் படுத்திருந்த அறையில் சரியாகக் கணுக்கால் அளவுக்கு நின்றது. அது வடிந்ததும் கோடும் மறைந்தது.

அந்த அறை அவளுடைய அக்கா டார்லினின் வீட்டில் இருந்தது. கெசியாவின் சொந்த வீட்டை மார்கழி வெள்ளம் சுவரும் கூரையுமாகக் கொண்டுபோயிருந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்காவோடு சேர்ந்து வாழை இலை அறுத்துக் கட்டுவது வேலை. ஆழ்வார்திருநகரியைத் தாண்டி, ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் இருக்கிறது அவர்களுடைய புளியடிக்குறிச்சி. அங்கே இரண்டே தெருக்கள். மேட்டுத் தெரு பழையது. ஆற்றங்கரைத் தெருவுக்கு நாற்பது வயதுதான். ஆறு ஒதுங்கிய இடத்தில் வாழை வைத்தார்கள், வாழை வைத்த இடத்தில் பிறகு வீடு கட்டினார்கள். ஆறு ஒதுங்கியது தங்களுக்காகத்தான் என்று நாற்பது வருடமும் நம்பினார்கள்.

கோடு நான்கு முறை வந்து நான்கு முறையும் பலித்த பிறகு, பஞ்சாயத்துத் தலைவர் சுடலைமணி அண்ணாச்சி அலுவலக வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டினார். தினமும் காலையில் கெசியா சொல்வதைச் சுண்ணாம்புக்கட்டியால் அதில் எழுதினார். கணுக்கால் என்றால் அரிசியைப் பரணில் ஏற்றுவார்கள். முழங்கால் என்றால் ஆடுகளை மேட்டுத் தெருவுக்கு ஓட்டுவார்கள். இடுப்பு என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். பொதுப்பணித் துறையிலிருந்து ஒரு இளம் பொறியாளர் வந்து, அவள் காலில் டேப் வைத்து அளந்து, இதைக் கோப்பில் ஏற்ற வழியில்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். பிறகு மழைக்காலம் முழுக்க மாலைதோறும் தன் சொந்த போனிலிருந்து அவளை அழைத்து, "இன்னைக்குக் கோடு எங்க இருக்குக்கா?" என்று கேட்டார்.

யாரும் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆற்றங்கரையில் வெள்ளத்தை எப்போதும் கல்லை வைத்துத்தான் அளப்பார்கள். திருநெல்வேலியில் ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு முங்கியிருக்கிறது, எந்த மண்டபத்தின் எத்தனையாவது படி தெரிகிறது என்று கேட்டால் போதும், வேறு கணக்கு வேண்டாம். புளியடிக்குறிச்சியில் அப்படி ஒரு மண்டபம் இல்லாத குறையை ஆறு கெசியாவை வைத்துத் தீர்த்துக்கொண்டது என்று நினைத்தார்கள். அவளும் ஒரு கல்லைப்போல இருக்கப் பழகினாள். ஆனால் கல்லுக்குக் குளிராது. மழைக்காலத்தில் அவள் எந்த நேரமும் சேற்று வாசனையோடு இருந்தாள். கோடு இடுப்புக்கு வந்த நாட்களில், அதற்குக் கீழே இருந்த உடம்பு தன்னுடையது இல்லை என்று தோன்றும். அக்காவிடம்கூட அதைச் சொன்னதில்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் கோடு நெஞ்சுக்கு ஏறியது. ஆற்றங்கரைத் தெருவின் நாற்பத்தொரு குடும்பங்களும் வெளியேறின. ஒரு கோழிகூடச் சாகவில்லை. அந்த நன்றியில்தான் ஊர் அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்தது.

"அளக்குத கல்லையே தண்ணி அடிச்சிட்டுப் போயிட்டுன்னா நாம என்னத்தப் பாத்து ஓடுததுவே?" என்று சுடலைமணி அண்ணாச்சி கூட்டத்தில் கேட்டார். அதனால் வீடு மேட்டுத் தெருவிலும் உயரமான மூலையில் அமைந்தது. அதற்கும் ஆறடிக்கு மண் நிரப்பி, அதன்மேல் தளம் போட்டார்கள். நிரப்பிய மண் ஆற்று மண்தான். டார்லின் வீட்டுக்குப் பின்னால் கரையை வெட்டி, டிராக்டரில் கொண்டுவந்தார்கள். உபதேசியார் நேசையா ஜெபம் செய்து திறந்துவைத்தார். சுடலைமாடன் கோயிலிலிருந்து ஒரு மாலையும் வந்தது. அன்றிரவு கெசியா இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, சேற்று வாசனை இல்லாமல், விடியும்வரை தூங்கினாள்.

அதன் பிறகு ஏழு மாதம் கோடு வரவில்லை. ஆடியில் ஒருமுறை ஆற்றங்கரைத் தெருவில் கணுக்கால் தண்ணீர் வந்தது. அவள் கால் காய்ந்துதான் கிடந்தது. சின்னத் தண்ணிக்கெல்லாம் கோடு வராது என்று ஊர் சமாதானம் சொல்லிக்கொண்டது. கெசியாவும் சரி என்றாள்.

மூன்றாவது மழைக்காலத்தில், கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை, கோடு மறுபடியும் வந்தது. கணுக்காலில்தான் இருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். டார்லின் வீட்டுக் கூரை, தன் தளத்தைவிடத் தாழ்வாகத் தெரிந்தது. அந்தக் கூரையை அவள் தினமும்தான் பார்த்தாள். அன்று கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். ஏதோ ஒன்று மனதில் வந்து நின்றது. அதை முழுதாக நினைத்துவிட்டால் ஊருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், கீழே வந்து பழையபடி படு என்பார்கள். மறுபடியும் அந்த வாசனை, அந்த இரவுகள். தெரிந்தது என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. துண்டை எடுத்துக் காலைத் துடைத்தாள். போகாது என்று தெரிந்தும் துடைத்தாள். பிறகு இறங்கிப் போய், கணுக்கால் என்று சொன்னாள். சுடலைமணி அண்ணாச்சி எழுதினார்.

இலை கட்டும் இடத்தில் டார்லின் சிரித்தாள். "ஏட்டி, கணுக்காலுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? இடுப்புக்கு வந்தன்னைக்குக் கூட ரெண்டு தட்டு இட்லி தின்னியே!"

"நீ ரெண்டு நாளைக்கு எங்கூட வந்து இருந்துக்கோக்கா."

"மாளிகைக்கா? ஆட்டையும் கூட்டிட்டு வரலாமாட்டீ? அதுக படியேறாது. போ, போயி இலைய எண்ணு."

கெசியா இலையை எண்ணினாள்.

மலையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. வியாழக்கிழமை காலை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்து, தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் உடனே வெளியேறும்படி சொல்லிக்கொண்டே போனது. எங்க கெசியா கணுக்கால்னு சொல்லிட்டா என்று ஆற்றங்கரைத் தெரு பதில் சொன்னது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது திருப்தியோடு பார்த்தார்கள். முழங்காலைத் தாண்டியபோது தண்ணீர்தான் ஏதோ தவறு செய்கிறது என்று நினைத்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, இனி இறங்கிவிடும் என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். கரையை வெட்டி மண் எடுத்த பள்ளத்தின் வழியாக ஆறு மொத்தமாக உள்ளே திரும்பியபோது, பேச யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பதினொரு பேர் போனார்கள். டார்லினை இரண்டு நாள் கழித்து வாழைத் தோட்டத்தில் எடுத்தார்கள். அவள் கையில் ஆட்டுக் கயிறு இருந்தது.

கெசியாவின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. அங்கே வந்து ஒதுங்கிய நேசையா, நனைந்த வேட்டியோடு குனிந்து, தளத்தில் நின்ற தண்ணீரையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. "அளவு சரியாத்தான் இருக்கு தாயி," என்றார். "நாமதான் உன்னத் தூக்கி மேல வச்சிட்டோம்."

ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை. நகராத கல்லையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இடம் மாறினால் அளவும் மாறும் என்பது தோன்றாமல் போனதில் குற்றம் ஒன்றுமில்லை என்று பேசி முடித்தார்கள். யாராவது ஒருவர் திட்டினால், திங்கட்கிழமை ஜன்னல் வழியே பார்த்தபோது மனதில் வந்து நின்றதை அவரிடம் சொல்லிவிடலாம் என்று அவள் பதினாறு நாள் காத்திருந்தாள். பதினேழாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். டார்லின் வீடு இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் மிச்சமிருந்தது. அதன்மேல் தார்ப்பாயைக் கட்டிப் படுத்தாள்.

விடிந்ததும் காலைப் பார்த்தாள். கோடு இல்லை. இடுப்பிலும் இல்லை, கழுத்திலும் இல்லை. ஆனால் உடம்பு முழுக்க வெளுத்துச் சுருங்கியிருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மேட்டுத் தெருவில் உறவினர் வீடுகளில் ஒண்டியிருந்தவர்கள் மூன்று நாள் தூங்காமல் இருந்தார்கள். தண்ணீர் வரவில்லை. ஒரு மாதம் ஆனது, பங்குனி வந்தது, ஆறு மணலாகச் சுருங்கியது. அவள் முடி காயவில்லை.

"என்னைக்குன்னு ஏதும் தெரியுதா தாயி?" என்று நேசையா கேட்டார்.

"நாளு தெரியல ஐயா. வரும்னு மட்டுந்தான் தெரியுது."

அவர் தலையாட்டிவிட்டு, வெயிலுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தார். ஆற்றங்கரைத் தெருவில் யாரும் திரும்பக் கட்டவில்லை. வெட்டிய பள்ளத்தில் நாணல் முளைத்தது, கொக்குகள் வந்து நின்றன. கெசியா மட்டும் தார்ப்பாயின் கீழே இருந்தாள். அவள் கட்டி அனுப்பும் இலை இரண்டு நாள் ஆனாலும் வாடுவதில்லை என்று மேலப்பாளையத்து வியாபாரி தாஜ் முகம்மது அவளுடைய கட்டுகளை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குகிறார். பேருந்தில் அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தை நடத்துநர் துடைத்துவிட்டு அடுத்தவரை உட்காரச் சொல்கிறார். பஞ்சாயத்து அலுவலக வாசலில் கரும்பலகை அப்படியேதான் இருக்கிறது. சுடலைமணி அண்ணாச்சி சில நாட்கள் தினமும் அழித்து அழித்து ஒரே அளவையே எழுதிப் பார்த்தார். பிறகு ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கிவந்து, தலைக்கு மேல் என்று எழுதி, மழையில் அழியாமல் இருக்க இரண்டாவது பூச்சும் கொடுத்தார்.