நின்ற இடத்தில் சுற்றிய வள்ளம்

இப்போதெல்லாம் ஆட்களுக்கு ஓசி என்றால் போதும். எதை விட்டுக்கொடுத்து வாங்குகிறோம் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அப்படித்தான் முத்துச்செல்வத்தின் வள்ளம் வேம்பார்க் கரைக்குத் தெரிகிற தூரத்தில், ஞாயிற்றுக்கிழமை தொட்டு, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அதற்குள் இருந்தான். குடிதண்ணீர் தீர்ந்திருந்தது. ஒத்தாசைக்குப் போன வள்ளங்களும் கிட்ட நெருங்கியதும் சுற்ற ஆரம்பித்து, பாதியிலேயே திரும்பிவிட்டன.

காரணம் ஊருக்கே தெரியும். இங்கன ஒரே செல்போன் டவர். அந்தக் கம்பெனிக்காரன் புதுத் திட்டம் கொண்டுவந்தான்: அவன் காட்டுகிற படமும் பாட்டும் இலவசம், நல்ல வேகம், மற்றதெல்லாம் பின்னால் ஊர்ந்து வரும். எல்லாரும் வாங்கினார்கள், முத்துச்செல்வமும் வாங்கினான். அன்றையிலிருந்து கடல்காற்று நிலவரம் சொல்லுகிற பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றியது. பக்கம் பிந்தியதால் காற்றும் பிந்தியது. பாய் விரித்துப் போனவன் காற்றில்லாமல், திரையில் சுற்றுகிற வட்டம் மாதிரியே சுற்றினான். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. தண்ணீர் இல்லாமல் எவ்வளவு தாங்குவான் என்பதுதான் பேச்சு.

அவன் பெண்டாட்டி முத்துமாரி, கம்பெனி ஆள் டிக்சனைக் கரைக்கே இழுத்து வந்தாள். நாசரேத்துக்காரன், படித்தவன்.

"இது உங்க சாய்ஸ்தானக்கா. பிடிக்கலைன்னா வேற பிளான் எடுங்க."

"ஏலே, ஒத்தக் கிணத்த வச்சிக்கிட்டு, பிடிச்ச கிணத்துல கோருங்கன்னு சொல்லுதியே, வெக்கமா இல்ல?"

வேம்பார் முகத்துவாரத்தில் ஒரு ஊர்க்கட்டுப்பாடு உண்டு. லாஞ்சோ சின்ன வள்ளமோ, முந்தி வந்தது முந்திப் போகும். எவனாவது முண்டினால், அவன் கடைசிக்குப் போகிறவரை ஒரு படகும் நகராது.

"படம் முண்டுது. அது பின்னால போறவரைக்கும் ஊர்ல ஒரு போனும் ஓடாது," என்றாள் முத்துமாரி. எல்லா வீட்டிலும் போனை அணைத்தார்கள்.

இறங்க வீடில்லாத படங்கள் டவரில் தேங்கின. விடிந்தபோது கதாநாயகர்கள் நீர்க்காகம் மாதிரிக் கம்பிக்குக் கம்பி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு ஒழுகி உப்பளத்தில் விழுந்து உப்பு இனித்தது. உப்பளக்காரர்களும் சண்டைக்கு வந்தார்கள். பாரம் தாங்காமல் டவர் சாய்ந்தது. டிக்சன் தன் போனில் மேலிடத்திடம் கத்தினான்: "சாயுது சார்! எல்லாத்தையும் ஒண்ணுபோல விட்டிருவோம் சார்!"

விட்டார்கள். முத்துமாரி போனைத் திறந்ததும் காற்றுப் பக்கம் வந்தது. கூடவே காற்றும், நிலுவையில் நின்றதெல்லாம் சேர்ந்து. பாய் புடைக்க வள்ளம் பாய்ந்துவந்து மணலில் ஏறியது. கரையெல்லாம் குலவை.

"ஏளா, தண்ணி!" என்றான் முத்துச்செல்வம். குடத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியது டிக்சன்தான்.

இன்றைக்கும் முகத்துவாரத்தில் வள்ளங்களுக்கு நடுவே கதாநாயகர்கள் முழங்கால் தண்ணீரில் வரிசையில் நிற்கிறார்கள். முறை வந்தால் போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஜெயிச்சிட்டோம் அண்ணாச்சி!" என்றாள் முத்துமாரி என்னிடம். ஜெயித்தது நிசம்தான். "கம்பெனிக்காரன் வேற பேரு வச்சிக்கிட்டு நாளைக்கே வருவான், பாரு," என்றேன். சிரித்தாள். வரிசையில் ஒரு கதாநாயகன் கொஞ்சங்கொஞ்சமாக முன்னால் நகர்கிற மாதிரி எனக்குப் பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன்.