ஓட்டை இல்லாத சட்டை

"ஓட்டை எங்கேம்மா?"

"அடைச்சுட்டேன் சார்."

"அடைச்சுட்டீங்களா?"

"பார்க்கப் பொறுக்கல. அதான்."

இழப்பீட்டுப் பிரிவு அலுவலர் சட்டையை இரண்டு கைகளாலும் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு போட்ட சட்டை. வலது தோளுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குக் கத்தி நுழைந்ததாகப் போலீஸ் அறிக்கை சொன்னது. சட்டை ஒன்றும் சொல்லவில்லை.

"எங்க கடையில கிழிசலுக்கு இழை ஓட்டுறது இவதான் சார்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரர். "சட்டையோட உள்மடிப்புலேருந்தே நூல் உருவி, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு கோத்துடுவா. சட்டைக்குச் சொந்தக்காரன் எனக்கே இடம் தெரியாது."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள் மனைவி.

நான்கரை மாதங்களுக்கு முன்பு, ஒரு மத்தியானம், கடையில் அவர் தனியாக இருந்தபோது ஒருவன் கத்தியோடு வந்து கல்லாவைத் திறக்கச் சொன்னான். அவர் திறக்கத்தான் போனார். சாவி கைதவறிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். ஆயுதம் எதையோ எடுக்கிறார் என்று பயந்து அவன் குத்திவிட்டான். காயம் ஆறிவிட்டது. ஆனால் நரம்பு ஒன்று அறுந்து, வலது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வேறு யாருடைய விரல்களோ போலத் தொங்கின. ஊசி நிற்கவில்லை. கத்தரி நிற்கவில்லை. ஆறு மாதத்துக்குள் நரம்பை ஒட்டவைத்தால் விரல் திரும்பும், அதற்கு மேல் போனால் நரம்பு உங்களை மறந்துவிடும் என்றார் மருத்துவர். அந்த அறுவை சிகிச்சைக்குக் கையில் எதுவும் இல்லை. வன்முறையில் காயம்பட்டவர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு தருகிறது என்று யாரோ சொன்னதால்தான் இந்த அலுவலகத்துக்கு ஏழாவது முறையாக வந்திருக்கிறார்கள்.

சட்டையின் கதை சிறியது. அன்று நர்ஸ் அதை ஒரு பையில் போட்டு மனைவியிடம் கொடுத்தாள். உள்ளே அவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கை சும்மா இருந்தால் நினைப்பு கண்ட இடத்துக்கும் போனது. ஆஸ்பத்திரிக் குழாயில் கறை போகும்வரை சட்டையை அலசினாள். வராந்தாவில் உட்கார்ந்து, கைப்பையில் எப்போதும் இருக்கும் ஊசியை எடுத்தாள். பிழைத்துவிட்டார் என்று மருத்துவர் வந்து சொன்னபோது, அவருக்கு முன்பே சட்டை குணமாகியிருந்தது. மறுநாள் போலீஸ் வந்து கத்தியை எடுத்துக்கொண்டது, தரையைப் படம் பிடித்தது. சட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இன்றுவரை.

"காயத்துக்குச் சான்றிதழ் இருக்கு," என்றார் அலுவலர். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஆனா அறிக்கையில என்ன இருக்கு? 'சட்டையைக் கிழித்துக்கொண்டு கத்தி உள்ளே சென்றது.' சட்டை கிழியலன்னா கத்தி வேற வழியாப் போயிருக்கணும். அப்படின்னா அது வேற சம்பவம். அந்தச் சம்பவத்துக்கு நீங்க புகாரே குடுக்கலையே?"

பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார். சட்டையைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன கைம்மா இது! வீட்டுல ஒரு கம்பளி கோட்டு இருக்கு, பூச்சி அரிச்சது…"

"அலுவலக நேரத்துல சொந்த வேலை பேசாதீங்க," என்றார் அலுவலர். "அஞ்சு மணிக்கு மேல கேளுங்க."

மனைவிக்குப் பொறுமை போயிற்று. பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தாள். உலகத்தில் அவள் ஒருத்தி மட்டும் அறிந்த அந்த இடத்தைக் கண்டுபிடித்து இழை இழையாகப் பிரித்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். கடைசி நூல் வந்ததும் மேசையின் பச்சை விரிப்பு ஓட்டை வழியே எட்டிப் பார்த்தது.

"இந்தாங்க சார். ஓட்டை."

அலுவலர் பேனாவை எடுத்தார். எடுத்த பேனா நின்றது.

"இதை இப்ப நீங்கதானேம்மா போட்டீங்க? என் மேசையில. உங்க கத்தரியால. நான் என் கண்ணால பார்த்தேன். பார்த்ததைத்தானே எழுத முடியும்?"

தையல்காரர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"ஒரு வழி இருக்கு," என்று அலுவலர் அலமாரியின் அடித்தட்டில் துழாவி ஒரு படிவத்தை எடுத்துத் தூசு தட்டினார். தலைப்பில் 'சேதம் விளைவித்தவரின் ஒப்புதல்' என்றிருந்தது. "இதை யாருமே வாங்கினதில்ல. கட்டுகூடப் பிரிக்கல. ஓட்டை போட்டவரே கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது. வெள்ளிக்கிழமை குழு கூடுது. விட்டா இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."

"அவர் ஜெயில்ல இருக்காரே சார்," என்றார் தையல்காரர்.

"குத்தினவனுக்கு என்ன 'அவர்'?" என்றாள் மனைவி.

"என்ன பண்றது, வாடிக்கையாளரைச் சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு."

வியாழக்கிழமை சிறையில் பார்வையாளர் அறையின் நீண்ட பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம், தன்னைப் பார்க்க அக்கா வந்திருப்பதாக நினைத்து வந்த அந்த நாற்பது வயது ஆள் இவர்களைப் பார்த்ததும் கதவுப் பக்கம் திரும்பினான். காவலர் அவனைத் திருப்பி உட்காரவைத்தார்.

"தோள் எப்படி இருக்கு?" என்று கேட்டான், வேறு எதுவும் தோன்றாமல்.

"தோள் பரவாயில்லைங்க. விரல்தான்."

மனைவி விஷயத்தைச் சொல்லிப் படிவத்தை வலைக்கு அடியில் தள்ளினாள். அவன் படிவத்தை மேலும் கீழும் படித்தான்.

"நான் அந்தத் தெருவுக்கே வரலைன்னு வக்கீல் சொல்லியிருக்காரே."

"வரலையா?"

"வக்கீல் சொல்றார்."

"குத்தினேன்னு எழுத வேண்டாம். சட்டையில ஓட்டை போட்டேன்னு மட்டும் எழுதுங்க. உள்ள ஆள் இருந்தாரா இல்லையான்னு படிவத்துல கேட்கவே இல்ல."

அவன் மறுபடி படித்தான். உண்மைதான், கேட்கவில்லை. "சட்டையைக் காட்டுங்க," என்றான். அவள் வலையில் விரித்துக் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஓட்டை வழியாகத் தையல்காரரின் கை தெரிந்தது. அவர் அதை மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

"இவ்ளோ பெருசாவா போட்டேன்?" என்று சொன்னவன் காவலரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரம் முடிஞ்சுது."

மனைவி வலைக்கு அடியிலிருந்த சந்து வழியாகப் பேனாவைத் தள்ளினாள். இத்தனை மாதமும் அவனை என்னென்னவோ சொல்லித் திட்டியிருந்தாள். இப்போது அதில் ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை.

"நாளைக்குக் குழு கூடுது," என்றாள். "அதை விட்டா அந்த விரலு அவ்ளோதான். ஒரே ஒரு கையெழுத்து போடுங்கண்ணே."