மூடுபனி நிறுத்திய ஆட்டம்

எஸ்டேட்காரர்களின் பழைய கிளப்பில் மே மாதம் நடக்கும் டென்னிஸ் காட்சிப் போட்டியில், ஆண்கள் ஒற்றையரை யார் ஜெயிப்பார்கள் என்று ஏற்காட்டில் எவரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. கடைவீதி மளிகைக்கடைக்காரர் அப்துல் சமது ஜெயிப்பார், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் லூர்துராஜ் தோற்பார். இருவரும் மீசை கறுத்திருந்த காலத்திலிருந்து இதே கதைதான்.

அந்தக் காலத்தில் பனியில் நனைந்த பந்துகளைக் காப்பி காயவைக்கும் களத்தில் பரப்பிவிட்டு, வரக்காப்பி குடித்துக்கொண்டு வெயிலுக்காக இருவரும் காத்திருப்பார்கள். காய்ந்த பந்துகளில் காப்பி வாசம் அடிக்கும்.

இந்த வருடம் சமது கடையைக் கைமாற்றிவிட்டார். போட்டிக்கு மறுநாள் காலை மகள் நஸ்ரினோடு இருக்கப் பெங்களூர் போகிறார். ஒரு தடவையாவது மனுசனை ஜெயித்துவிட வேண்டும் என்று லூர்துராஜ் கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினார்.

என்ன மாயமோ, அன்று அவர் தொட்டதெல்லாம் துலங்கியது. கடைசி செட்டில் இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் வெற்றி. அப்போது பார்த்துப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துவிட்டது. நடுவர் ரொனால்டுக்குக் கோடே தெரியவில்லை.

பனிக்கென்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. பந்து உள்ளே விழுந்ததா வெளியேவா என்று ஆடுகிறவர்களே சொல்ல வேண்டும். பேச்சு ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பாயிண்டை மறுபடி ஆட வேண்டும். பனி விலகாவிட்டால், அடுத்த வருடம் அதே இருவரும் விட்ட இடத்திலிருந்து ஆட வேண்டும்.

லூர்துராஜ் ஓங்கி அடித்தார். நல்ல அடி என்று அவர் கைக்கே தெரிந்தது.

"உள்ளதானுங்க ரைட்டர்," என்றது பனிக்குள்ளிருந்து சமதுவின் குரல். "நீங்க ஜெயிச்சுட்டீங்க."

பந்து விஷயத்தில் சமது பொய் சொன்னதே இல்லை. ஆயுசுக்கும் ஏங்கிய வெற்றி கைக்கு வந்துவிட்டது. ஆனால் லூர்துராஜுக்குச் சந்தோஷம் வரவில்லை. கை குலுக்கிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு இந்த மனுசன் மலையேறி வர என்ன இருக்கிறது?

"இல்லீங்க பாய். வெளிய விழுந்துச்சுங்க," என்றார்.

தனக்குத்தான் தோல்வி என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டுவதை ரொனால்ட் அன்றுதான் பார்த்தார். மறுபடி ஆடச் சொன்னார். அதற்குள் வலையும் மறைந்துபோனது. வெகுநேரம் காத்திருந்தும் பனி விலகுவதாக இல்லை.

சமது கிட்டே வந்து லூர்துராஜின் முகத்தையே பார்த்தார். லூர்துராஜ் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

"ஏனுங்க ரைட்டர், உங்களுக்குப் பொய் சொல்லவே வரலைங்க," என்ற சமது, தன் மட்டையை உறையில் போட்டு அவரிடம் நீட்டினார். "இது உங்க ஊட்டுலயே இருக்கட்டும். அடுத்த மே மாசம் வந்து வாங்கிக்கறேன்."

ஆண்கள் ஒற்றையரில் இந்த வருடம் முடிவு இல்லை என்று ரொனால்ட் ஒலிபெருக்கியில் அறிவித்தார். தோளில் இரண்டு மட்டைகளோடு நின்ற லூர்துராஜ்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.