கண்ணைத் திறந்து வைத்தவள்

டான்யூப் நதிக்கரையிலுள்ள ரூசே நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ச் சாளரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் ஸ்னெஷானா. வயது நாற்பத்தேழு. குழாய் உடைந்தவர்கள், தண்ணீர் வராதவர்கள், பில் கூடிவிட்டவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கத்துவார்கள். அவளும் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பாள். கேட்டுக் கேட்டு, கடையில் யாராவது அவள் காலை மிதித்தால்கூட இவள்தான் முதலில் மன்னிப்புக் கேட்பாள்.

அவள் குடியிருந்த கட்டடத்தின் நிலவறையில், இலையுதிர் காலத்தில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் வந்தது. சாயங்காலமானால் தரைக்குக் கீழே தொம் தொம்மென்று சத்தம். இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது வாரம் படியிறங்கிப் போனாள்.

கூடத்தை நடத்தியவள் கிரெமெனா, இருபத்தாறு வயதுப் பெண். மூக்கு ஒருமுறை உடைந்து சேர்ந்தது பார்த்தாலே தெரியும்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோ," என்று ஆரம்பித்தாள் ஸ்னெஷானா. "சத்தம் கொஞ்சம்..."

"தொந்தரவு நாங்க பண்றோம், மன்னிப்பு நீங்க கேக்குறீங்களேக்கா," என்று கிரெமெனா சிரித்தாள். "எட்டு மணிக்கு மேல குத்துற மூட்டையைத் தொட மாட்டோம். போதுமா?"

வந்த வேலை அவ்வளவு சீக்கிரம் முடியுமென்று ஸ்னெஷானா நினைக்கவில்லை. திரும்பிப் போகத் தோன்றாமல், தொங்கிய மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு குத்து குத்திப் பாக்குறீங்களா?"

குத்தினாள். மூட்டை அசையவில்லை. மணிக்கட்டு மடங்கிச் சுரீரென்றது. வலியைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. அத்தனை வருஷமாக அந்தக் கை அவளுடையது. நேராக ஒரு குத்து விடத் தெரியவில்லை. மறுநாளும் இறங்கிப் போனாள், ஒரே ஒரு குத்தாவது ஒழுங்காக விட்டுவிட்டு வருவோமென்று.

முதல் மாதம் குத்தே கிடையாது. விரல்களுக்கு நடுவே துணிப்பட்டையைச் சுற்றக் கற்றாள். இடது கால் முன்னே, வலது குதிகால் தரையில் படாமல், தாடை கீழே, கை கன்னத்தருகே. இப்படி நிற்கவே ஒரு வாரம். ஸ்கிப்பிங் கயிறு பத்து எண்ணுவதற்குள் காலில் சிக்கும். காலையில் அலுவலகத்தில் பேனா பிடிக்கத் தோள் ஒத்துழைக்காது. "வேற வேலையே இல்லையா உனக்கு?" என்று பக்கத்துச் சாளரக்காரி கேட்டாள். இல்லைதான் என்று நினைத்துக்கொண்டாள் ஸ்னெஷானா.

இரண்டாவது மாதம் ஜோடிப் பயிற்சி. அவளுக்கு ஜோடி வெலிஸார், பல் மருத்துவர், ஒட்டடைக் கம்பு போல உயரம். அவர் உள்ளங்கையில் மாட்டிய மெத்தை அட்டையில் மெதுவாகத் தட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் "ஸாரி" என்பாள். கிரெமெனா ஒரு சட்டம் போட்டாள்: ஒரு ஸாரிக்கு ஐந்து தண்டால். முதல் நாள் அறுபதாவது தண்டாலில் விழுந்து படுத்துவிட்டாள்.

"எழுந்திருங்கம்மா," என்றார் வெலிஸார். "என்கிட்ட வர்றவங்க என் விரலைக் கடிச்சிட்டுகூட இவ்வளவு வருத்தப்பட மாட்டாங்க."

டான்யூபில் பனிக்கட்டி மிதந்த ஒரு சனிக்கிழமை, தலைக்காப்பும் பல்காப்பும் மாட்டி அவளை முதன்முதலாகச் சண்டைமேடைக் கயிற்றுக்குள் விட்டாள் கிரெமெனா. எதிரே வெலிஸார். மணி அடித்தது. அவர் கை அசைந்ததும் ஸ்னெஷானாவுக்குக் கண் மூடிக்கொண்டது. நெற்றியில் ஒரு தட்டு. மறுபடி மூடினாள். மறுபடி தட்டு.

"கண்ணை மூடிட்டா குத்து வராதுன்னு யாரு சொன்னாங்கக்கா?" கயிற்றுக்கு வெளியே இருந்து கிரெமெனா கேட்டாள். "வர்றதைப் பாருங்க. வரட்டும். பாருங்க."

பார்த்தாள். கையுறை வருவதற்கு முன்னால் அவர் தோள் லேசாக எழுவது தெரிந்தது. தலையை ஒரு சாண் நகர்த்தினாள்; கையுறை காதோரம் காற்றாய்ப் போனது. அந்த இடைவெளியில் அவள் இடது கை தானாக நீண்டது. சொத்தென்று அவர் மூக்கில் விழுந்தது. மேலுதட்டில் ஒரு பொட்டு ரத்தம்.

ரத்தத்தைப் பார்த்ததும் அவள் கை இரண்டும் இறங்கின. "ஐயோ, மன்—"

சொல் முடிவதற்குள் அவள் கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது.

"மன்னிப்பெல்லாம் அப்புறம்," என்றார் வெலிஸார் பல்காப்பின் வழியே. "கையைத் தூக்குங்க மொதல்ல."

கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் கண் மூடவில்லை. கையைக் கன்னத்துக்குத் தூக்கினாள். ஒரு அடி முன்னே வைத்தாள். இடது, வலது. இரண்டாவது அவர் கையுறையில் நல்ல சத்தத்தோடு விழுந்தது. குதிகாலில் தொடங்கி இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏதோ ஓடியதை உணர்ந்தாள். தன் உடம்பு முழுதும் ஒரே வேலையைச் செய்தது அவள் நினைவில் அதுதான் முதல் தடவை.

மணி அடித்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஈரப் பட்டைகளைப் பிரித்தாள். மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்த வெலிஸார், பையிலிருந்து பாலாடைக்கட்டி அடைத்த பனிட்ஸாப் பலகாரத்தை எடுத்துப் பாதியை நீட்டினார்.

"நல்ல கை உங்களுக்கு," என்றார்.

"தெரியும்," என்றாள் ஸ்னெஷானா. சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பனிட்ஸாவை வாங்கி வாய் நிறையக் கடித்தாள்.

கிரெமெனா சுவரில் தொங்கிய வாரப் பட்டியலில் எழுதிக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை ரெண்டு ரவுண்டு, அக்கா. முடியுமா?"

"மூணு போடு," என்றாள் ஸ்னெஷானா, மென்றபடியே.