பெயர் பொருந்தவில்லை

"போட்டுடும்மா தஸ்லீம். ஒரு கையெழுத்துதானே? போனவன் திரும்பி வந்து ஏன் போட்டேன்னு கேக்கவா போறான்?" என்று கணவனின் அண்ணன் சத்தார், பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

தாளில் நான்கே வரிகள் இருந்தன. காலமான தன் கணவன் ஜிலானி, எதிர்வீட்டு யாதகிரி வாடகைக்கு எடுத்திருந்த காரை அவருக்குத் தெரியாமல் கொண்டுபோய் விபத்துக்கு உள்ளாக்கினான் என்று தஸ்லீம் ஒப்புக்கொள்வதாக அவை சொல்லின. அதைத் தட்டச்சு செய்து கொடுத்தனுப்பியவர் காரின் சொந்தக்காரரான நர்சிங் சேட். கையெழுத்திட்டால் ஐம்பதாயிரம் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

"தெரியாம எடுத்துட்டுப் போனாருன்னா என்ன பாய் அர்த்தம்? திருடினாருன்னுதானே?"

"அப்படி இல்லம்மா..."

"வேற எப்படி?"

சத்தார் பேனாவை அவள் கையில் திணித்தார். வாசற்படியருகே உட்கார்ந்திருந்த யாதகிரி தலையைத் தூக்கவேயில்லை.

விபத்து நடந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. வெளிவட்டச் சாலையில் ஒரு லாரி காரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அதன் எண்ணை யாரும் பார்க்கவில்லை. பின்னிருக்கையிலிருந்த பயணிக்கு மணிக்கட்டு முறிந்தது. அவர் காரை முன்பதிவு செய்த கைப்பேசிச் செயலி நிறுவனத்தின் காப்பீடு அவருடைய மருத்துவச் செலவை எட்டே நாளில் தீர்த்துவிட்டது. ஓட்டுநருக்கும் ஐந்து லட்சம் காப்பீடு உண்டு. ஆனால், அந்தப் பயணத்தை ஓட்டியவர் யாதகிரி என்பது நிறுவனத்தின் பதிவு. யாதகிரி உயிரோடு இருக்கிறார். ஆகவே ஓட்டுநர் எவரும் இறக்கவில்லை. சேட்டோ, "நான் காரைக் குடுத்தது யாதகிரிக்கு. அவன் யாருக்குக் குடுத்தான்னு எனக்கென்ன தெரியும்?" என்றார். லாரிக்காரன் யாரென்றே தெரியாது. இப்படி எல்லாரும் விலகிக்கொண்ட பிறகு மிச்சம் நின்றது ஒன்றே ஒன்று: ஜிலானி இறந்துபோயிருந்தான்.

ஜிலானிக்கு உரிமம் இல்லாமலில்லை. சொந்தப் பெயரில் செயலிக் கணக்கும் இருந்தது. ஆனால் ஹைதராபாத்தில் கார் கூப்பிடுகிறவர்களின் கைப்பேசியில் ஓட்டுநரின் பெயர் முதலில் தெரியும். பெயரைப் பார்த்ததும், அவன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே, சிலர் பயணத்தை ரத்து செய்துவிடுவார்கள். ஒரு நாள் பதினோர் அழைப்பில் ஏழு ரத்தாயின. அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஊரெல்லாம் சுத்திக் காட்டினேன் தஸ்லீம், காருக்கு மட்டும்" என்று சிரித்தான்.

முதுகுவலியால் வண்டி ஓட்டுவதை விட்டிருந்த யாதகிரிதான், தன் பெயரில் ஓட்டும்படி வழி சொன்னான். அதன்பின் விடிந்ததும் ஜிலானி எதிர்வீட்டு வாசலில் போய் நிற்பான். யாதகிரி வாயில் பற்பசை நுரையோடு வந்து, தன் கணக்கு இருந்த கைப்பேசிக்கு முகம் காட்டுவான். முகத்தைச் சரிபார்த்துச் செயலி திறந்துகொள்ளும். "என் மூஞ்சிக்கு வாடகை ஒரு டீ, பாய்" என்பான். ஜிலானி கைப்பேசியையும் காரின் சாவியையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். இரண்டு ஆண்டுகளாக ரத்து என்பதே அரிதாக இருந்தது. ஓட்டிய கை மாறவில்லை; பெயர் மட்டுமே மாறியது. பயணிகள், "யாதகிரி அண்ணா, ரொம்ப நிதானமா ஓட்டுறீங்க" என்று பாராட்டி ஐந்து நட்சத்திரம் தந்தார்கள்.

"தங்கச்சி, என் மேல கேஸ் போடுவாங்களாம்" என்றான் யாதகிரி. "ஆள்மாறாட்டமாம். ரெண்டு பொட்டப் புள்ளைங்களை வச்சிருக்கேன்."

"உங்களை நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணே. ஆனா அவரு உங்ககிட்ட எதைத் திருடினாருன்னு நீங்களே சொல்லுங்க."

யாதகிரி, "ஒண்ணும் திருடலம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

தஸ்லீம் பேனாவை மூடிச் சத்தாரிடமே கொடுத்தாள்.

மறுநாள் மாதாபூரில் நிறுவனத்தின் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தபின் அவளை உள்ளே அழைத்தார்கள். காப்பீட்டு அதிகாரி சந்திரமோகன் கெட்டவரல்லர். இதே விடையை ஒரு நாளில் இருபது பேருக்குச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர்.

"இங்க பாருங்கம்மா, பெயர் பொருந்தல. நான் என்ன பண்ணமுடியும்? நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க. சொந்தக் கணக்கு வச்சிருக்கிற மனுஷன் எதுக்கு அடுத்தவர் பேர்ல ஓட்டணும்? அதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல? இந்தக் கட்டத்துல எழுதணும்."

தஸ்லீம் பையிலிருந்து ஜிலானியின் பழைய கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில், முகம் கேட்காத பழைய செயலியில், அவனுடைய சொந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. அவன் இறந்ததை நிறுவனம் ஏற்றுக்கொள்ளாதவரை அதை மூட யாருக்கும் காரணமில்லை. அவள் 'பணியில்' என்ற பொத்தானை அழுத்தினாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"காரணம் கேட்டீங்களே சார். வரும், இருங்க."

கைப்பேசி ஒலித்தது. அவள் ஏற்றுக்கொண்டாள். ஏழெட்டு நொடி கழிந்தது. பயணி ரத்து செய்துவிட்டார் என்று திரை சொன்னது. மறுபடி ஒலித்தது; மறுபடி ரத்து. மூன்றாவது பயணி சற்றுப் பொறுமைசாலி. அரை நிமிடம் கழித்து ரத்து செய்தார்.

"ஜனங்க ஆயிரம் காரணத்துக்கு ரத்து பண்ணுவாங்கம்மா. இதை நான் எப்படி எழுதறது? இதுக்கெல்லாம் படிவத்துல இடம் கிடையாது" என்ற சந்திரமோகன், பேனாவைத் திறந்து, 'பெயர் பொருந்தவில்லை' என்ற வரிக்கு நேரே குறியிடக் குனிந்தார்.

நான்காவது அழைப்பு வந்தது. ஏற்றாள். ஒரு நிமிடம் ஆயிற்று, ரத்தாகவில்லை. அந்தப் பயணியே தொலைபேசியில் கூப்பிட்டார். தஸ்லீம் ஒலியைக் கூட்டி வைத்தாள். வயதான பெண்குரல்.

"ஜிலானி தம்பி, நான் மருந்துக்கடை வாசல்ல நிக்கிறேன்ப்பா. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாவே வா."

அந்த அலுவலகத்துக்குள் அந்தப் பெயரை ஒருவர் வாஞ்சையோடு சொன்னது அதுவே முதல் தடவை. தஸ்லீம் கைப்பேசியை அதிகாரியின் பக்கம் தள்ளினாள். எதிர்முனையில் கிழவி, "தம்பி? கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

வேறு வழியின்றிச் சந்திரமோகன் குனிந்து பேசினார். "அம்மா, நீங்க வேற வண்டி கூப்பிட்டுக்கோங்க. அந்த டிரைவர் வரமாட்டாரு."

"ஏங்க, நீங்க யாரு?"

"கம்பெனிலேருந்துதான் பேசறேன்."

"அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு?"

"தவறிட்டாரும்மா."

"ஐயோ பாவமே! எப்படி?"

"வண்டி ஓட்டிட்டிருந்தப்போதான். லாரி இடிச்சு..."

அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கிழவி இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

"அதைத்தான் சார் எழுதச் சொல்றேன்" என்றாள் தஸ்லீம்.

பேனா படிவத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. வெளியே அடுத்தவரின் வரிசை எண்ணை அழைத்தார்கள். சந்திரமோகன் எழுதவில்லை. தஸ்லீமும் எழுந்திருக்கவில்லை.