பெற்றவள் வாயில் வராத பெயர்

தாலியில் கோத்திருந்த தங்கக் குண்டைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு உங்க தெலுங்குல இன்னா பேரு செட்டியாரே?" என்று கேட்டாள் கன்னியம்மாள். பட்டாபிராம் ஊருக்கு வளையல் விற்க வந்தவர், "பங்காரு" என்றார். அன்று முதல் மடியில் கிடந்த பெண்குழந்தை அவளுக்குப் பங்காரு ஆனாள்.

குழந்தைக்கு வைத்த பெயர் பொன்னம்மாள். முதல் பேத்திக்கு அப்பனைப் பெற்றவளின் பெயரை வைப்பது அந்த வீட்டு வழக்கம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் அதே வீட்டு வழக்கம்தான். இரண்டும் ஒரே தொட்டிலில் வந்து முட்டிக்கொள்ளும் என்று எந்தப் புண்ணியவானும் யோசிக்கவில்லை. தங்கம் என்று கூப்பிட்டால் போயிற்று என்பீர்கள். மாமனார் பெயர் தங்கவேலு. பூந்தமல்லி அத்தர்க்கார பாய் 'சோனா' என்று சொல்லிக் கொடுத்தார். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஞானகுமாரி சொன்ன 'கோல்டு' மட்டும் கொஞ்சுவதற்கு உதவவில்லை. ஊரே பொன்னம்மா, பொன்னம்மா என்று கூப்பிடும். கேட்கும்போதெல்லாம் கன்னியம்மாளுக்கு வயிறு எரியும். தானும் ஒரே ஒரு தடவை அப்படி வாய்விட்டுக் கூப்பிட வேண்டும் என்று ஏங்கினாள். அடுப்படியில் தனியாக இருக்கும்போதுகூட நாக்கு எழவில்லை.

மகள் வளர்ந்து, கோலார் தங்கவயலில் வேலை பார்ப்பவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அது யுத்த காலம். ரயில் முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். வழியனுப்பப் போன அன்று, மகள் எப்படியோ ஏறிக் கூட்டத்துக்குள் மறைந்துபோனாள். வண்டி நகர்ந்தது. இனி எப்போது பார்ப்போமோ என்று கன்னியம்மாள் ரயில் பெட்டியை ஒட்டியே ஓடினாள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது.

"பொன்னம்மா! ஏ பொன்னம்மா!"

ஜன்னலில் ஒரு முகமும் எட்டிப் பார்க்கவில்லை. பங்காரு என்றிருந்தால் பார்த்திருப்பாள். பொன்னம்மா என்ற பெயரை அம்மாவின் குரலில் அவள் கேட்டதே இல்லையே.

கன்னியம்மாள் திரும்பினாள். மாமியார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தப்பாயிடிச்சி அத்தே. வாய் தவறி..."

மாமியார் திட்டவில்லை. "எங்கம்மா போனதுக்கப்பறம் என்னை யாரும் இப்டி கூப்புட்டதில்லடி," என்றாள். வாழ வந்த வீட்டில் அவளுக்கு அத்தை, ஆயா என்று முறைதான் இருந்தது, பெயர் இல்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தபா கூப்புடு."

கன்னியம்மாள் வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"இன்னாம்மா," என்று பக்கத்திலிருந்து பதில் வந்தது.